டயஸ்போரா: சிதறலா, பெயர்ச்சியா?

ஆட்டம் எகோயன் என்ற கனடா இயக்குநரை 'ஆர்மேனிய டயஸ்போரா இயக்குநர்' என்பார்கள். டயஸ்போரா என்றால் தாய்நாட்டுக்கு வெளியே பல நாடுகளில் பரவி வாழும் சமூகம். தமிழில் எழுதும்போது சட்டென்று 'புலம்பெயர்ந்த ஆர்மேனியர்' என்று போட்டுவிடுகிறோம். இங்கேதான் சிக்கல். எகோயன் 1960இல் பிறந்தது கெய்ரோவில். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கனடாவின் விக்டோரியா நகருக்குப் போய்விட்டது. ஆர்மேனியாவை விட்டு அவர் எப்போது பெயர்ந்தார்? அங்கே அவர் இருந்ததே இல்லையே.

டயஸ்போரா கிரேக்கச் சொல். 'ஸ்பெய்ரோ' என்றால் விதைத்தல், தூவுதல். 'தியா' என்பது எங்கும் பரவலாக என்ற பொருளைச் சேர்க்கிறது. பூஞ்சையின் வித்தைக் குறிக்கும் 'ஸ்போர்' இதற்கு உறவுக்காரச் சொல்தான். யூதர்களின் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. கட்டளையை மீறினால் உலக அரசுகளிடையே சிதறிக் கிடப்பீர்கள் என்ற சாபமாக! ஆர்மேனியர்களும் தங்கள் மொழியில் 'ஸ்ப்யுர்க்' என்கிறார்கள். அதற்கும் சிதறிப் பரவுதல்தான் பொருள். 1915இல் ஒட்டோமான் பேரரசில் தொடங்கிய இனப்படுகொலைக்குப் பிறகு அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இருந்திருக்காது. இன்றும் ஆர்மேனியாவுக்குள் இருப்பவர்களைவிட வெளியே இருக்கும் ஆர்மேனியர்களே அதிகம்.

நம் 'புலம்பெயர்' பழைய சொல். பட்டினப்பாலையில் 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்' என்று காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்கிறார் புலவர். அங்கே வந்து தங்கியிருந்தவர்கள் வணிகத்துக்காக வந்தவர்கள். சாபமும் இல்லை, துரத்தலும் இல்லை. இன்றைய கனத்தை இந்தச் சொல்லுக்குக் கொடுத்தவர்கள் 1983க்குப் பிறகு வெளியேறிய ஈழத்தமிழர்கள். இதற்கிடையே, பீகாரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வருபவரும் செய்தித்தாளில் 'புலம்பெயர் தொழிலாளர்' ஆகிவிட்டார். ஒரே சொல்லின் தலையில் எவ்வளவு சுமை பாருங்கள்.

எகோயனின் 1993ஆம் ஆண்டுப் படம் 'கேலண்டர்' இந்தச் சிக்கலை அப்படியே காட்டுகிறது. ஆர்மேனிய வழியில் வந்த கனடாப் புகைப்படக்காரர் ஒருவர், நாட்காட்டிக்காகத் தேவாலயங்களைப் படமெடுக்க ஆர்மேனியா போகிறார். அந்த வேடத்தில் எகோயனே நடித்திருக்கிறார். மனைவியாக வருபவர் நிஜ வாழ்விலும் அவருடைய மனைவியான அர்சினே கஞ்சியன். உள்ளூர் வழிகாட்டி ஒவ்வொரு தேவாலயத்தின் கதையையும் சொல்லச் சொல்ல, மனைவி மொழிபெயர்க்கிறார். புகைப்படக்காரரோ கேமராவுக்குப் பின்னாலிருந்து நகர்வதே இல்லை. ஆர்மேனியக் காட்சிகளில் அவர் குரல் மட்டும்தான் கேட்கும். கிட்டே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. மனைவி மெல்ல மெல்ல வழிகாட்டியின் பக்கம் போய்விடுகிறார். வேற்று மொழி வழங்கும் நாட்டைச் சங்கப் பாடல் 'மொழிபெயர் தேஎம்' என்றது. இந்த மனிதருக்குப் பாட்டன் மண்ணே மொழிபெயர் தேயம்.

2002இல் வந்த 'அராரத்' இன்னும் நேரடியானது. 1915இல் ஒட்டோமான் பேரரசின் 'வான்' என்ற நகரில் ஆர்மேனியர்களுக்கு நடந்ததைப் படமாக்கும் ஒரு குழுவைப் பற்றிய படம் அது. ஆர்மேனியர்கள் தங்கள் அடையாளமாக நினைக்கும் அராரத் மலை இன்று இருப்பது துருக்கியில். எகோயனுக்கு உலகப் புகழ் தந்தது என்னவோ 1997இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ விருது வாங்கிய 'தி ஸ்வீட் ஹியராஃப்டர்'. அதில் ஆர்மேனியா கிடையாது. ஆனால் பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளை இழந்த ஊர், நடந்ததை எப்படிச் சொல்லிக்கொள்வது என்று தவிக்கும் தவிப்பு அவருடைய மற்றப் படங்களுக்குச் சொந்தமானதுதான்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? கூட்டத்தைச் சொல்லும்போது 'புலம்பெயர் சமூகம்' போதும்; ஊன்றிவிட்ட சொல்லை மாற்ற வேண்டியதில்லை. 'சிதறுண்டோர்' பொருளில் நெருக்கம்தான், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தனி ஆளைச் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். தானே ஊரைவிட்டு வந்தவரைப் புலம்பெயர்ந்தவர் எனலாம். வெளியே பிறந்த எகோயன் போன்றவர்களுக்கு 'ஆர்மேனிய வம்சாவளிக் கனடா இயக்குநர்' என்பதே சரி.