பால் பல் இல்லைங்க அது

போன மாதம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் எட்டு வயது மகனைக் கூட்டி வந்தார். முன்பல்லில் மஞ்சள் கறை, அதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், கீழே கடைசிக் கடவாய்ப் பல்லில் பென்சில் முனை நுழையும் அளவுக்குச் சொத்தை. "அது பால் பல்லுதானுங்களே டாக்டர், விழுந்து முளைச்சுடும்ல?" என்றார். விழாது. ஆயுசுக்கும் அவன் மெல்ல வேண்டிய பல் அதுதான்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்பல் ஆடும், விழும், கூரை மேல் எறிவோம், வீடே அதைக் கவனிக்கும். இந்த முதல் கடவாய்ப் பல்லோ சுமார் 6 வயதில், எதுவும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடுகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. 12 வயதையொட்டி அதற்கும் பின்னால் இன்னொரு நான்கு.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல் என்றாலே கறையைப் பற்றித்தான் பேச்சு. பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம், அளவு மீறினால் பல்லில் கறை விழுவது அதனால்தான், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காகத்தான். "நம்ம தண்ணிக்குப் பல்லு கல்லு மாதிரி, சொத்தையெல்லாம் வராது" என்று சொல்லும் ஆயாக்களும் உண்டு. பாதி உண்மை. அளவான ஃபுளோரைடு பல்லின் வழவழப்பான பக்கங்களை நன்றாகக் காக்கும், ஆனால் மெல்லும் பரப்பில் இருக்கிற பள்ளங்களை அந்த அளவுக்குக் காக்காது. பிரஷ் நாரை விட ஒடுக்கமான பள்ளங்கள் அவை. டீயில் தொட்ட பிஸ்கட் அங்கே போய் அப்பிக்கொண்டால் எவ்வளவு தேய்த்தாலும் வராது.

அந்தப் பள்ளத்தைச் சொத்தை வருவதற்கு முன்பே அடைத்துவிடுவதுதான் சீலன்ட். ஊசி கிடையாது, பல்லைக் குடைவது கிடையாது. பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்து எச்சில் படாமல் காத்து, அமில ஜெல்லை அரை நிமிடம் போலத் தடவிக் கழுவிக் காயவைத்தால் அந்த இடம் சுண்ணாம்பு பூசியது போல வெளுக்கும். அதன் மேல் குழம்பு மாதிரி இருக்கும் ரெசின் என்ற பிசினைப் பள்ளத்துக்குள் ஓடவிட்டு நீல ஒளி காட்டினால் இறுகிவிடும். ஒரு பல்லுக்குச் சில நிமிடம். இதில் எதிரி எச்சில்தான், ஒரு சொட்டுப் பட்டாலும் சீக்கிரம் பெயர்ந்துவிடும், அதனால் பையன் நாக்கை ஆட்டாமல் இருந்தாலே எனக்குப் பாதி வேலை முடிந்தது. ஃபுளோரைடு கறை படிந்த பல்லில் அமிலம் லேசில் பிடிக்காது, அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும்.

பலன்? பின்பற்களில் வரும் சொத்தையில் 80 சதவீதத்தை 2 வருடத்துக்குத் தடுக்கிறது, 4 வருடம் வரை பாதியைத் தடுக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொல்கிறது. ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், பெயர்ந்திருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சீலன்ட் போட்டாச்சே என்று பிரஷ்ஷை மூலையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் வரும் சொத்தையை இது தடுக்காது.

சரி, அந்தப் பையன் கதைக்கு வருவோம். சொத்தைப் பல்லை அடைத்தேன், மீதி மூன்றுக்கும் சீலன்ட். கறைக்கு அவசரமில்லை, அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கிளம்பும்போது அந்த அம்மா, "வீட்டுல சின்னவ இருக்கா, ஆறு வயசு" என்று தயங்கினார். மறு வாரமே கூட்டி வந்தார். கீழ்ப் பல் இரண்டும் எட்டிப் பார்க்கின்றன, பாதியை இன்னும் ஈறு மூடியிருக்கிறது. ஈரத்தில் ரெசின் நிற்காது. இப்போதைக்குக் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட்டைப் பூசிவிட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.