வீட்டுக்கும் வீட்டுக்கும் அரை மைல்: 1862 ஹோம்ஸ்டெட் சட்டம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள கஸ்டர் கவுண்டியில் பழைய பண்ணை வீடுகள் தெருவாகச் சேர்ந்து நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் வயலுக்குள் தனியாக நிற்கும். குடியேறியவர்கள் தனிமை விரும்பிகள் என்பதல்ல காரணம். சட்டம் அப்படித்தான் கேட்டது.

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் (குடியிருப்பு நில) சட்டப்படி, 21 வயது நிறைந்தவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் அரசு நிலம் கேட்கலாம். குடிமகனாக இருக்க வேண்டும். அல்லது குடிமகனாக விரும்புவதாக அறிவித்திருக்க வேண்டும். மணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

நிலத்துக்கு விலை கிடையாது. கட்டணமாகச் சுமார் 18 டாலர் கட்டினால் போதும். ஆனால் அந்த நிலத்திலேயே வீடு கட்டி, 5 ஆண்டு குடியிருந்து, உழுது பயிரிட்டு, இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால்தான் பட்டா. அவசரக்காரர்கள் 6 மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் செலுத்தி வாங்கிக்கொள்ளவும் முதலில் வழி இருந்தது. “இலவசம்” என்ற சொல்லை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்: இந்தப் பக்கத்து நிலம் அதற்குமுன் பாவ்னி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து ஒப்பந்தங்களால் பெறப்பட்டது.

வீடுகளைச் சிதறடித்தது குடியிருப்பு நிபந்தனைதான். 1785 முதலே நிலத்தைச் சதுர மைல்களாக, அதாவது 640 ஏக்கர் துண்டுகளாக அளந்துவந்தார்கள். அதில் கால் பங்கு ஒருவருக்கு என்றால் ஒரு பக்கம் அரை மைல். பக்கத்து நிலத்துக்காரரோடு பேசி மூலைக்கு மூலை கட்டிக்கொண்டாலொழிய, அண்டை வீடு என்பதே ஒரு நடைப்பயணம்.

மரமில்லாத புல்வெளி அது. புல்வேர் பின்னிய மண்ணை ஏரால் கீறி, பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த கேலிப்பெயர் “நெப்ராஸ்கா பளிங்கு”. 1886-இல் சாலமன் பட்சர் எடுத்த புகைப்படம் ஒன்றில் கிரிஸ்மன் சகோதரிகள் நால்வர் அப்படியொரு மண்வீட்டின் முன் நிற்கிறார்கள். தனியே இரவு கழிக்காமலும் நிபந்தனை தவறாமலும் இருக்க, ஒருவர் நிலத்தில் மற்றவர் முறைவைத்துத் தங்கினார்களாம். கெட்டிக்காரிகள்!

சட்டம் 1976-இல் ரத்தானது. அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. அதற்கு வெகுமுன்பே, மேற்கு நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் 160 ஏக்கரை வைத்துப் பிழைக்க முடியாது என்பது தெரிந்துபோயிற்று. 1904-இன் கின்கெய்ட் சட்டம் அங்கே அளவை 640 ஏக்கராக உயர்த்தியது. அரை மைல் ஒரு மைலாயிற்று.