பிரிட்டிஷ் டீ: கொதிக்க வேண்டியது தண்ணீர், தூள் அல்ல

பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாகப் பொங்கி வருவது நம்மூர் டீ. பிரிட்டிஷ் டீயில் தூள் அடுப்புக்கே போவதில்லை. கொதிநீரில் ஊறித்தான் சாயம் இறங்க வேண்டும். சூட்டைக் கோட்டைவிட்டால் அப்புறம் எவ்வளவு நேரம் ஊறினாலும் சப்பென்றுதான் இருக்கும்.

அடிக்கடி காணும் தவறும் அதுதான். ஃபிளாஸ்க்கிலோ டிஸ்பென்சரிலோ பிடித்த வெந்நீர் போதாது. கெட்டிலில் தளதளவென்று கொதித்த கையோடு ஊற்ற வேண்டும். குளிர்ந்த பீங்கான் மக் கணிசமான சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்; முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

200 முதல் 250 மில்லி மக்குக்கு 3 கிராம் அசாம், கென்யா அல்லது இலங்கைத் தேயிலை வேண்டும். இங்கே விற்கும் டீ பேக் பெரும்பாலும் 2 கிராம்தான். பெரிய மக்கில் அதைப் போட்டுவிட்டு “டீ தண்ணியா இருக்கு” என்றால் பை என்ன செய்யும்? 150 மில்லி கோப்பைக்குத்தான் அது சரி. மூன்று, நான்கு நிமிடம் மூடி வையுங்கள். ஐஎஸ்ஓ 3103 என்ற தரநிலை 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம் என்கிறது. அது தேயிலைகளை ஒப்பிட்டு ருசி பார்ப்பதற்கான முறை. வீட்டில் அப்படிப் போட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். பையை லேசாக அழுத்தலாம், துணி பிழிவதுபோல் பிழியக் கூடாது.

பை உள்ளே இருக்கும்போதே பால் ஊற்றுவது அடுத்த தவறு. சூடு இறங்கி, சாயம் இறங்குவது மந்தமாகிவிடும். பையை எடுத்த பிறகு 20 முதல் 30 மில்லி பால் போதும். காய்ச்சி ஏடு படிந்த பால் வேண்டாம், அதன் காய்ச்சல் வாசனை தேயிலை மணத்தை அமுக்கிவிடும். பாக்கெட்டில் வரும் பாஸ்டரைஸ் செய்த பாலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே விடலாம். தேநீர்க் கெண்டியில் (டீ பாட்) தனியாக ஊறவைப்பவர்கள் பாலைக் கோப்பையில் முதலில் விடலாம். 2003இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி சொன்னதும் இதுதான்: சூடான டீயில் சொட்டும் பாலின் புரதம் 75 டிகிரிக்கு மேல் சிதையும், பால்மேல் டீ விழுந்தால் அந்தச் சேதம் குறைவு.

மேலே பழுப்பாய் ஒரு படலம் மிதந்து, ஸ்பூன் பட்டதும் சில்லுசில்லாக உடைகிறதா? குற்றம் தேயிலையுடையது அல்ல. கடினநீரின் கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையில் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனாலோடு காற்றுபடும் மேற்பரப்பில் சேர்வதால் வருவது அது. லண்டன் குழாய்நீரில் இது அன்றாடம்; நம் போர்வெல் நீரிலும் வரும். வடிகட்டிய மென்னீரில் போட்டுப் பாருங்கள், நிறமும் பளிச்சென்று மாறும்.

சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. காய்கறி, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை டீ குறைக்கும். கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீன் என்பதே பிரிட்டன் தேசியச் சுகாதாரச் சேவையின் உச்சவரம்பு. ஒரு மக் டீயிலேயே சுமார் 75 மில்லிகிராம் போய்விடும். 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிப்பதை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. பால் விட்டபின் சில நிமிடம் ஆறவிட்டே குடியுங்கள்.