'தளர்ந்த சாவி' என்று எழுதாதீர்கள்

'தளர்ந்த சாவி கிடார்.' ஹவாய் இசை பற்றிய தமிழ் எழுத்தில் இதை எத்தனை முறைதான் பார்ப்பது! கிடார் கம்பிகளை இளக்கிச் சுருதி சேர்த்து வாசிக்கும் ஹவாய் முறைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லாக் கீ' என்று பெயர்; அதன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இது. போன வாரம் கண்ணில் பட்டது லாரி கிமுராவைப் பற்றிய கட்டுரையில். 1972-இல் வானொலி நிகழ்ச்சி தொடங்கி, ஹவாய் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்தவர் அவர். ஹவாய் இசைக்கலைஞர் எடி கமாயின் மெட்டுக்கு அம்மொழியில் வரிகள் எழுதியவர். ஒவ்வொரு சொல்லையும் தேடிக் காத்தவரைப் பற்றி எழுதும்போதா இந்தத் தவறு?

ஹவாய் மொழியில் மூலச் சொல் கீ ஹோஅலு. 'கீ' ஆங்கிலத்திலிருந்து போனது. இங்கே அது பூட்டுக்கான சாவி இல்லை, கம்பியை முறுக்கும் ஆணி. வீணையில் பிரடை என்கிறோமே, அது. 'அலு' என்றால் தளர்ந்திருப்பது, 'ஹோஅலு' என்றால் தளர்த்துவது.

சிலர் 'தளர் திறவுகோல்' என்று தூய தமிழாக்குகிறார்கள். சாவியைத் திறவுகோல் ஆக்கிவிட்டால் தவறு சரியாகிவிடுமா? நண்பர் ஒருவர் சொன்ன 'தளர்கம்பி' பரவாயில்லை, ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. தளர்கம்பி என்றால் தானாகவே தளரும் கம்பி. வாசிக்கும்போதே சுருதி இறங்கிவிடும் கிடாரை யாராவது விரும்புவார்களா? இங்கே வாசிப்பவரே வேண்டுமென்று இளக்குகிறார். 'டேரோ பேட்ச்' என்ற சுருதிக்கு ஆறு கம்பிகளில் மூன்றை இறக்குவார்கள்: இரண்டு ஈ கம்பிகளும் டீ ஆகும், ஏ கம்பி ஜீ ஆகும். அப்புறம் விரலே வைக்காமல் மீட்டினாலும் ஜீ மேஜர் என்ற சுரக்கூட்டு ஒலிக்கும். அந்தச் செயல் சொல்லில் தெரிய வேண்டும். தளர், தளர்த்து என்று தன்வினையையும் பிறவினையையும் பிரித்துச் சொல்லும் மொழி நம்முடையது. 'அலு', 'ஹோஅலு' என்று ஹவாய் மொழியும் அப்படித்தான் பிரிக்கிறது. நடுவில் ஆங்கிலத்தை வைத்துப் பார்ப்பதால்தான் இந்த ஒற்றுமை நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரியாமல் போகிறது.

என் தேர்வு 'இளக்குகம்பி'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஒற்று மிகாது.

ஆங்கிலம் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. வீடுகளிலும் ஹவாய் மொழி மெல்ல மெல்ல ஒடுங்கியது. 1983-இல் கிமுராவும் தோழர்களும் 'ஆஹா பூனானா லியோ' அமைப்பைத் தொடங்கி, குழந்தைகளிடமிருந்து மொழியை மீண்டும் வளர்த்தார்கள். இன்று ஹவாய் அகராதி இணையத்திலேயே இருக்கிறது. திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இளக்குகம்பி கிடார் என்று எழுதிப் பாருங்கள். முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே கீ ஹோஅலு என்றும் சேர்த்துவிடுங்கள்.