கறுத்த பயிரைப் பார்த்து மயங்காதீர்கள்

இந்தக் காலபோகத்திலும், அதாவது மாரி நெற்செய்கையிலும், அதே காட்சிதான். கதிர் தள்ளி நிற்கும் வயலுக்கு நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து வைக்கலாகிக் கிடக்கிறது. வரம்பில் நின்ற ஐயா சொன்னதும் ஒவ்வொரு போகமும் நான் கேட்பதுதான்: "சேர், போன கிழமை வரைக்கும் பயிர் கறுத்து நிண்டது. என்ன நடந்ததெண்டே தெரியேல்லை."

அப்படிக் கறுக்க விட்டதில்தான் பிழை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே போனாலும், பயிர் கரும்பச்சையாக நின்றால் நெல் கொட்டும் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பக்கத்து வயல் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தால் போதும், மறுநாளே அரை அந்தர் (ஏறக்குறைய 25 கிலோ) யூரியா கூடுதலாக விழும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது பட்ட பாடு மனதில் இருப்பதால், கையில் கிடைத்ததை உடனே வீசிவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நைதரசன் அளவுக்கு மிஞ்சினால் பயிர் அதை நெல்லாக மாற்றாது. இலையைப் பெருக்கும், கதிர் தள்ளாத வெறும் மட்டங்களை (அடியிலிருந்து வெடிக்கும் பக்கத் தண்டுகளை) பெருக்கும். தண்டு இளக்கமாகி மழைக்குச் சாயும். எரிபந்த நோய் சுலபமாகப் பிடிக்கும். சத்து நிறைந்த அந்தச் சாற்றைக் குடிக்கக் கபில நிற அறக்கொட்டியான் என்ற தத்துப்பூச்சியும் வந்து குடியேறும். வயல் வட்டம் வட்டமாகக் காய்வது அதனால்தான்.

அது மேலே இலையில் இருக்காது. வரம்பில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. உள்ளே இறங்கி, பயிரைக் கையால் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவில் கபில நிறப் பூச்சிகள் அடித்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டினால் தண்ணீரில் விழுந்து தத்தும். முற்றிய இடங்களில் அடித்தண்டு கரி பூசினதுபோல் கறுத்திருக்கும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும், ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம்கூட ஆகாது. மேலே மஞ்சள் தெரிகிறபோது கீழே காரியம் பாதி முடிந்திருக்கும். அந்த மஞ்சளைச் சத்துக்குறை என்று நினைத்து இன்னும் யூரியா போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது மருந்து. விதைத்து 40 நாளுக்குள் நாலு இலை சுருண்டதற்கெல்லாம் மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்ட வேண்டாம். அந்த வயதில் பயிர் புது இலை விட்டுத் தானே தேறிவிடும். நீங்கள் கொல்வது சிலந்தியையும், அறக்கொட்டியான் முட்டையைத் தின்னும் சின்னப் பச்சைப் பூச்சியையும்தான். காவல் இல்லாத வயலில் பிறகு அது பெருகாமல் என்ன செய்யும்? கடைக்காரர் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து தந்தால் வாங்காதீர்கள்.

விதைப்பிலும் கை கட்டுப்பட வேண்டும். வீசி விதைக்க ஏக்கருக்கு 2 புசல் (ஏறக்குறைய 41 கிலோ) நல்ல விதைநெல் போதும். மூன்று, நாலு என்று போட்டால் அடியில் வெயிலும் காற்றும் படாது. யூரியாவை நெல்லின் வயதுக்கேற்பப் பிரித்துப் போடுங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போதோ வயலில் தண்ணீர் நிறைந்து வழியும்போதோ வீசினால் அது வாய்க்காலோடு போய்விடும். கதிர் வந்த பிறகு யூரியா வேண்டவே வேண்டாம். போட்டது போதுமா என்று சந்தேகமா? இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை நிற அட்டையை வைத்துப் பாருங்கள், அடுத்த வயலோடு ஒப்பிட வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் வைக்கலைக் கொளுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பங்கு வைக்கலில்தான் இருக்கிறது. தண்டுக்கு உறுதி தருவதில் அதற்குப் பெரிய பங்குண்டு. வயலில் பரப்பி உழுதுவிடுங்கள்.

பூச்சி இப்போதே விழுந்துவிட்டதென்றால், குளத்தில் தண்ணீர் இருக்கிறவர்கள் வயலை மூன்று நான்கு நாள் வடிய விடுங்கள். கோலால் பயிரை ஆங்காங்கே விலக்கி வழி எடுத்தால் அடியில் வெயில் படும். மருந்துக்கடைக்குப் போகுமுன் அடித்தண்டைக் கிட்டவாகப் படமெடுத்து உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரவென்றாலும் பரவாயில்லை, பார்த்துப் பதில் சொல்வோம்.