தமிழ்வழிப் பள்ளியில் நூலகம்: எல்லைப் பக்கத்துப் பெற்றோர் எதை, எப்போது கேட்க வேண்டும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நான் எஸ்எம்சி என்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். முதல் கூட்டத்துக்குப் போன அன்று அலுவலக அறை மூலையில் ஒரு பச்சை பீரோவைப் பார்த்தேன். அதன் தலையில் பழைய பரீட்சைத் தாள் கட்டுகள். திறந்து காட்டச் சொன்னேன். சாவி தேடவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே இருநூறு புத்தகங்கள் இருக்கும். பாதிக்கு மேல் மலையாளம். தமிழ்ப் புத்தகங்களில் சில, அச்சகத்தில் வெட்டாமல் விட்ட பக்கங்களோடு அப்படியே இருந்தன. ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. புத்தகம் கொடுத்து வாங்கும் பதிவேட்டில் கடைசித் தேதி இரண்டு வருடம் முந்தையது.

"பிள்ளைங்க கையில கொடுத்தா கிழிச்சிடுவாங்க. தொலைஞ்சா யாருங்க பதில் சொல்றது?" என்றார் பொறுப்பில் இருந்த டீச்சர். அவருடைய பயம் நிஜமான பயம். அதற்குப் பதில் தேடித்தான் சட்டத்தையும் விதிகளையும் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பாலக்காட்டுச் சித்தூர் வட்டமோ, மூணாறு, மறையூர், பீருமேடு தோட்டப் பகுதியோ, அந்தப் பக்கம் ஆந்திராவின் நகரி, குப்பமோ, எங்கே இருந்தாலும் அடிப்படைச் சட்டம் ஒன்றுதான்.

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஆசிரியர், கழிப்பறை, குடிநீர், விளையாட்டு மைதானம் என்று ஒரு பள்ளியில் இருந்தே ஆக வேண்டியவை அதில் வரிசையாக வருகின்றன. நூலகமும் அந்த வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், பத்திரிகை, எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்கள், கதைப் புத்தகங்கள் கிடைக்க வேண்டும் என்கிறது சட்டம். கதைப் புத்தகம் என்று தனியாக எடுத்தே சொல்லியிருக்கிறது. பாடப் புத்தகம் போதாதா என்று கேட்கிறவர்களிடம் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன். 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைத் தவிர, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் எய்டட் பள்ளி, தனியார் பள்ளி மூன்றுக்கும் பொருந்தும்.

சரி, எந்த மொழியில்? அட்டவணை அதைச் சொல்லவில்லை. நமக்கு முக்கியமான கேள்வியே அதுதான். இதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதுமான வசதி செய்யச் சொல்கிறது. தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்குத் தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று கேட்பதற்கு இவை இரண்டும் நல்ல ஆதாரம். மலையாளப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நம் பிள்ளைகள் இந்த ஊரில் வாழ்கிறவர்கள், அதையும் படிக்கட்டும். ஆனால் ஏழு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தை, வீட்டில் பேசும் மொழியில் கதை கிடைத்தால்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

அடுத்தது பணம். 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா என்கிற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நூலக மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, 1 முதல் 8 வரை உள்ள பள்ளிக்கு 13,000 வரை, 1 முதல் 12 வரை ஒரே பள்ளியாக இருந்தால் 20,000 வரை. ஐயாயிரம் சின்னத் தொகையாகத் தெரியலாம். 50 ரூபாய்ப் புத்தகமாக வாங்கினால் நூறு புத்தகம் வரும். ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வருடம் நூறு புதுப் புத்தகம் என்பது பெரிய விஷயம்.

இந்த மானியம் எய்டட் பள்ளிகளுக்கு வராது. அங்கே மேனேஜ்மென்ட், பிடிஏ என்கிற பெற்றோர் ஆசிரியர் கழகம், பஞ்சாயத்து உறுப்பினர் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். கேரளத்தில் எல்பி, யுபி என்கிற அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும், உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. வார்டு தோறும் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். ரோடு, தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் அங்கே பேசுகிறோம். பள்ளிக்குத் தமிழ்ப் புத்தகம் என்று எழுந்து கேட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. கேளுங்கள், மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.

எப்போது கேட்பது என்பதில்தான் நாங்கள் முதல் வருடம் கோட்டை விட்டோம். பிப்ரவரியில் போய்க் கேட்டோம். வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. பட்டியல் போட்டவர்களுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் பற்றித் தெரியாது, நாங்களும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அந்த வருடமும் பெரும்பாலும் மலையாளப் புத்தகங்களே வந்தன. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது எஸ்எம்சியின் வேலை. மானியங்களுக்கு அந்தத் திட்டம்தான் அடிப்படை. ஆகவே ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வரும் முதல் கூட்டத்திலேயே தமிழ்ப் புத்தகத் தலைப்புகளை எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். பொதுவாகத் 'தமிழ்ப் புத்தகம் வாங்குங்கள்' என்றால் வேலை நடக்காது. தலைப்பு, பதிப்பகம், விலை மூன்றும் தாளில் இருந்தால் தலைமை ஆசிரியருக்கும் சுலபம்.

எஸ்எம்சியில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எய்டட் பள்ளியில் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான். ஆனாலும் ஆலோசனையை எழுத்தில் கொடுத்தால் பதிவாகும்.

இப்போது டீச்சரின் பயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. வருடத்தில் ஆயிரம் புத்தகம் கொடுத்து வாங்கினால் அதில் ஐந்து தொலைவது இயல்பு, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை அதை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அந்த விதி. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி, மாநிலப் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் புத்தகத்தைப் பயன்படுத்தினால் கொஞ்சம் தேயும், தொலையும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்: நாற்பது பிள்ளைகள், வாரம் ஆளுக்கு ஒரு புத்தகம், 35 வாரம் என்றால் 1,400 தடவை புத்தகம் கை மாறும். அந்தக் கணக்குப்படி ஏழு புத்தகம் தொலையலாம். எஸ்எம்சியில் ஒரு தீர்மானம் போட்டு, கிழிந்ததையும் தொலைந்ததையும் வருடக் கடைசியில் குழுவே பார்த்துக் கணக்கில் கழிக்க எழுதி அனுப்பும், டீச்சர் கைக்காசு போட வேண்டாம் என்று எழுதினோம். அடுத்த வெள்ளிக்கிழமையே பீரோ திறந்தது.

பிறகு வகுப்புக்கு ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடுவது போலப் புத்தகங்களைத் தொங்கவிட்டார் டீச்சர். பிள்ளைகள் அட்டையைப் பார்த்தே எடுத்தார்கள். முதுகுப் பக்கம் மட்டும் தெரிய அடுக்கி வைத்தால் சின்னக் குழந்தைக்கு எது என்ன என்றே தெரியாது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை தன் வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறது. அந்தப் புத்தகங்கள் நம் பள்ளிகளுக்குத் தானாக வராது, ஆனால் அந்த முறையை நாமும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் புத்தகங்களில் நான்கு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டினோம், அவ்வளவுதான்.

பட்டியல் போட உதவியாக இரண்டு இடம் சொல்கிறேன். 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், குழந்தைகளுக்காகத் தமிழிலும் குறைந்த விலைப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்தும் கொடுக்கலாம். எங்கள் ஊரில் ஒருவர் தன் கடை பிரிண்டரிலேயே இருபது கதை அடித்துத் தந்தார்.

ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு தினம். 1945இல் திருவிதாங்கூர் கிரந்தசாலை (நூலகம்) சங்கத்தை 47 நூலகங்களோடு தொடங்கிய பி.என். பணிக்கர் 1995இல் மறைந்த நாள் அது. அன்றைக்குப் பள்ளியில் உறுதிமொழி, கண்காட்சி எல்லாம் நடக்கும். அந்த நாளை வைத்து அருகிலுள்ள கிரந்தசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், பாலவேதி என்கிற சிறுவர் பிரிவில் சேர்த்துவிடலாம். அங்கேயும் தமிழ் அலமாரி ஒன்று கேட்டுப் பாருங்கள்.

கேட்டும் நடக்கவில்லையா? கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு. மானியம் எவ்வளவு வந்தது, எந்தப் புத்தகம் வாங்கினார்கள் என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவை மலையாளத்தில் எழுத ஆள் தேட வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுத உரிமை தருகிறது. பதிலும் தமிழில் வர வேண்டும்.

போன மாதம் ஒரு பெண்குழந்தை புத்தகத்தை நாலு நாள் தாமதமாகக் கொண்டுவந்தாள். ஏன் என்று டீச்சர் கேட்டார். "அம்மிச்சிக்குப் படிச்சுக் காமிச்சேனுங்க டீச்சர், தினம் ரெண்டு பக்கந்தான் கேட்பாங்க" என்றாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே டீச்சர் தாமதம் என்று எழுதவில்லை, இரண்டு பேர் படித்தார்கள் என்று எழுதினார்.

அடுத்த வருடப் பட்டியலுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளிடமே துண்டுத்தாள் கொடுத்துக் கேட்டோம். பேய்க் கதை, யானைக் கதை நிறைய. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் 'டிராக்டர் எப்படி ஓடுது' என்று எழுதியிருக்கிறான். ஓணத்துக்குள் அப்படி ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.