உற்பத்தித்திறன் வளர்ச்சி: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அமெரிக்காவின் உற்பத்தித்திறன் ஒரு செய்தியில் 4% வளர்ந்ததாகவும் வேறொன்றில் 1.5% வளர்ந்ததாகவும் வருகிறதே, எது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம்.

விலையேற்றத்தைக் கழித்த உற்பத்தி மதிப்பை, உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுத்தால் கிடைப்பதே உழைப்பின் உற்பத்தித்திறன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் காலாண்டுதோறும் இதை வெளியிடும்போது, அதே வேகம் ஓராண்டு நீடித்தால் எவ்வளவு ஆகும் என்று பெருக்கிச் சொல்வதால், மூன்று மாதத்தில் 1% உயர்ந்தது தலைப்புச் செய்தியில் 4.06% ஆகிவிடுகிறது.

நீண்ட காலத்துக்கான கூட்டு வீதத்தில், அதாவது வட்டிக்கு வட்டி போல ஆண்டுக்காண்டு பெருகுவதாகக் கொள்ளும் வளர்ச்சி வீதத்தில், இடைப்பட்ட ஆண்டுகள் அனைத்தும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோய், முதல் எண்ணும் கடைசி எண்ணும் மட்டுமே மிஞ்சுகின்றன. நம் வாசகரின் பட்டறையில் மணிக்கு 100 உருப்படி என்பது பத்தாண்டுகளில் 122 ஆனதாகக் கொள்வோம். ஆண்டு வளர்ச்சி 2%. தொடக்கப் புள்ளியை மட்டும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு மாற்றுங்கள்: ஆட்கள் வந்தும் மின்சாரமின்றி லேத் பாதி நாள் நின்றதால் மணிக்கு 80 தான் தேறியது என்றால், அதே 122 இப்போது ஆண்டுக்கு 4.3% வளர்ச்சியாகத் தெரியும். பட்டறையில் எந்தத் தொழில்நுட்பமும் மாறவில்லை.

அளவீட்டுப் பிழையும் இப்படித்தான், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கடைசி எண்ணில் அரை விழுக்காடு பிழை இருந்தால், காலாண்டு வீதத்தில் அது ஏறக்குறைய 2 புள்ளிகளாக ஊதிவிடும். இருபதாண்டுச் சராசரியிலோ ஒரு புள்ளியில் நாற்பதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். முதல் எண்ணும் கடைசி எண்ணுமே முடிவைத் தீர்மானிப்பதால்தான் பொருளியலாளர்கள் ஒரு வணிகச் சுழற்சியின் (பொருளாதாரம் ஏறி இறங்கும் சுற்றின்) உச்சியிலிருந்து மற்றொன்றின் உச்சிவரை அளக்கிறார்கள். ஏறத்தாழ அவ்வாறு அளந்தால், வேளாண்மை நீங்கலான அமெரிக்க வணிகத் துறையில் 1947–1973 காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 2.8%, 2007–2019 காலத்தில் சுமார் 1.5%. முதல் வேகத்தில் உற்பத்தித்திறன் இரட்டிப்பாக 25 ஆண்டுகள் போதும். இரண்டாவதில் ஏறத்தாழ 47 ஆண்டுகள் ஆகும்.

குறுகிய காலத்தில் வேறொரு கோளாறும் உண்டு. 2020இன் இரண்டாம் காலாண்டில் அமெரிக்க உற்பத்தி சரிந்தது. உழைத்த மணிநேரம் அதைவிட அதிகமாகச் சரிந்ததால் உற்பத்தித்திறன் உயர்ந்தது. விடுதி, உணவகம் போன்ற குறைந்த மதிப்புடைய வேலைகளில் இருந்தவர்கள் கணக்கிலிருந்தே வெளியேறியதால் மேலேறிய சராசரி அது.

நம் நாட்டில் உண்மையான வளர்ச்சியையும் இத்தகைய தற்காலிக ஏற்ற இறக்கத்தையும் பிரித்துப் பார்ப்பதற்கான எண்களே நெடுங்காலம் அரிதாக இருந்தன. கம்பெனியாகப் பதிவாகாத சிறு தொழில்களுக்கான முழு அளவிலான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2015–16க்குப் பிறகு 2021–22இல்தான் நடந்தது. பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா மூன்றும் அந்த இடைவெளியில் வந்துபோயின. கணக்கெடுப்பாளர்களை ஆண்டுதோறும் அனுப்ப ஆகும் செலவை வீண் என்று அப்போது கருதிய நிதி ஒதுக்கீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டுகளில் இத்தகைய பட்டறைகளுக்கென்று சொல்லப்படும் வளர்ச்சி வீதங்கள் பெரும்பாலும் வேறு எண்களைக் கொண்டு இட்டு நிரப்பியவையே.